இறக்கத்தில் கிடைத்த மைலேஜ்

கெட்டுப்போகாத ஒரு காரை, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பட்டப்பகலில், முதலாளியைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே தள்ளியவன் நான். அப்போதே ஸ்டியரிங் பிடித்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றேன். இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. பின்னால் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் பதறிப்போய்ச் சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்ரலில் போட்டு, கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தேன். ரயில் நிலையத்து வாசலில் நின்றிருந்த மூட்டை தூக்குகிற நீலச்சட்டைச் சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஓடிவந்து பின்னால் கை கொடுத்தார்கள். கார் நகர்ந்த பிறகுதான் போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி தலையை நிமிர்த்தினார். முன்சீட்டில் ஆள் இல்லை.

"எந்தாடோ? எந்து பற்றி?"

"வண்டி செத்துப்போச்சு முதலாளி."

"செத்தது ஒந்நும் இல்லடோ! அது ரெஸ்ட் எடுக்குது!"

சுமட்டுக்காரர்களில் மூத்தவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாண்டியா அல்லே?" என்றார், தம் கூட்டாளியிடம். என்னிடம் கேட்கவே இல்லை. பிறகு தள்ளியதற்குக் கூலி கேட்டார். கொடுத்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது இரண்டாயிரங்களின் கடைசியில். ஹைபிரிட் என்று ஒரு வகைக் கார் அப்போதுதான் இங்கே, கேரளத் தலைநகரத்தில், வந்திறங்கியிருந்தது. பெட்ரோல் இஞ்சினோடு ஒரு மின்சார மோட்டாரும் உள்ளே இருக்கும். சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாகத் தூங்கிவிடும். பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் தானாக எழுந்துகொள்ளும். இறக்கத்தில் போகும்போது சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே பேட்டரி சார்ஜ் ஆகும். நான் ஓட்டிப் பழகிய வண்டிகள் எல்லாம் நின்ற இடத்திலும் இருமிக்கொண்டு, உறுமிக்கொண்டு, தான் உயிரோடு இருப்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை. எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் சத்தம் நின்றால் வண்டி படுத்துவிட்டது என்று அர்த்தம். இங்கே சத்தம் போடாமல் இருப்பதுதான் விலை கூடிய குணம். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் அது எனக்குப் பிடிபடவில்லை.

முதலாளி கல்ஃபில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர். விதுரா தாண்டிப் பொன்முடி ஏறுகிற மலையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, அவருக்கு விருந்தினர் தங்கும் ஆறு காட்டேஜ்கள். நகரத்தில் இந்த மாதிரிக் கார் வாங்கிய மூன்றாவது ஆள் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். அவர் போகிற கிளப்பில் ஒரு சிநேகிதர், "விளம்பரத்தில போட்ட மைலேஜ் கிட்டுந்நுண்டோ?" என்று தினமும் கேட்டுக் கிண்டல் செய்திருக்கிறார். ஒருநாள் முதலாளி கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி, எத்தர கிலோமீட்டர், எத்தர லிட்டர், எல்லாம் எழுதணும்."

தமிழன் என்றால் இங்கே அண்ணாச்சிதான், வயது ஒரு பொருட்டில்லை. ஆளைக் கூப்பிடும்போது அண்ணாச்சி, ஆள் நகர்ந்த பிறகு பாண்டி.

அந்த நோட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று லாரியில் ஏறியவன் நான். இப்போது ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஏசி உண்டா இல்லையா என்று ஒரு கட்டம். மழை, டயர்க் காற்று, எத்தனை ஆள், ஏற்றமா இறக்கமா, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலை அன்று, பெண்கள் பொங்கல் வைக்க ரோடு முழுக்க அடுப்பு. மூன்று கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் ஊர்ந்தேன். நின்று நின்று போனதில் பாதி நேரம் இஞ்சின் தூங்கியிருந்தது. 'புகையில் டிரைவருக்குக் கண்ணீர், வண்டிக்குச் சேதமில்லை' என்று குறிப்பு எழுதினேன். ஆனி மாதம் விருந்தினர் சிலரைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப்பக்கம் போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. இந்தப் பக்கம் திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கிறது. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம். அதையும் எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று கேட்டால், ஊர் என்னைத் திரும்பப் போகவிடாமல் தடுக்கிறது என்று முதல்தடவையாக ஒரு கணக்கு சொன்னதே, அதற்காகத்தான்.

முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இது எந்தா அண்ணாச்சி, ராமாயணமோ? ஆரு ஓட்டிச்சா எத்தர. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். அது மதி."

'ஆரு ஓட்டிச்சா' என்றாரே, அந்தக் காரை ஓட்ட இரண்டு பேர் இருந்தோம். ஞாயிறு முதல் செவ்வாய் வரை நான். புதன் முதல் சனி வரை சுயம்பு. அந்த நாட்களில் நான் முதலாளி வீட்டு அம்மாவின் பழைய சின்னக் காரை ஓட்டுவேன்.

சுயம்பு எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஊரில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். முதலாளி வீட்டின் பின்புறத்து ஒற்றை அறையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் மனைவியையும் மகளையும் கூட்டிவந்தான். அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. ஆறே மாதத்தில் மலையாள எழுத்து பிடித்துவிட்டது. அவனுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது; பிள்ளைதான் தகப்பனுக்குப் படித்துச் சொல்லும். வேலை போனால் அறையும் போகும், அறை போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் லாரியில் போன காலத்தில், கயத்தாறு தாண்டி ஒரு டீக்கடையில் வாரத்துக்கு ஒரு கேன் டீசல் இறக்கிக் கொடுத்தவன் நான். அப்போது எல்லோரும் செய்தோம். முதலாளிகளுக்கும் தெரியும், குச்சி விட்டு டேங்கை அளந்து பார்ப்பார்கள், நாங்களும் குச்சிக்குத் தகுந்த மாதிரி இறக்குவோம். சுயம்பு அப்படி இல்லை. காரில் விருந்தினர் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக்கூட அவர்களைத் தேடிப் போய்க் கொடுக்கிற ஆள்.

இனி நாங்கள் வண்டி கைமாற்றும் முறை. சனிக்கிழமை மதியம் சுயம்பு விருந்தினரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். சில வாரம் முதலாளியும் உடன் போவார். ராத்திரி காட்டேஜில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை நான் தம்பானூரில் முதல் பஸ் பிடித்து மேலே போவேன். மேலே பெட்ரோல் பங்க் கிடையாது. பெட்ரோல் ஜெனரேட்டருக்காக வைத்திருக்கும் பேரலில் இருந்து அளவுக் குவளையால் டேங்க் நிறைய ஊற்றி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுவோம். அதோடு அவன் கணக்கு முடியும், என் கணக்கு தொடங்கும். நான் போன பஸ்ஸிலேயே அவன் கீழே திரும்புவான். செவ்வாய் சாயங்காலம் நகரத்துப் பங்கில் அதேபோல் டேங்கை நிறைத்து அவனிடம் கொடுப்பேன்.

புரிந்திருக்கும். நாலு நாள் நகரத்தில் ஓட்டிவிட்டு, ஐந்து பேரோடு ஏசி போட்டு, வளைவு வளைவாக முக்கி ஏறும்போது வண்டி குடிக்கிற பெட்ரோல் எல்லாம் அவன் கணக்கில். இஞ்சின் ஏறக்குறையத் தூங்கிக்கொண்டே, பேட்டரி நிரம்பிக்கொண்டே இறங்குகிற கிலோமீட்டர் எல்லாம் என் கணக்கில். வாரா வாரம் அதேதான். மாறவே மாறாது.

ஒரு ஞாயிறு, மேலே பனி கலையாத நேரம். சுயம்பு குவளையால் ஊற்றிக்கொண்டே சொன்னான்:

"எனக்கு ஏத்தம், ஒங்களுக்கு எறக்கம். நல்லாப் பங்கு வச்சிருக்கிய அண்ணாச்சி."

"மூத்தவனுக்கு மரியாதை குடுக்க வேண்டாமால?"

"குடுப்போம், குடுப்போம். தள்ளி ஸ்டார்ட் பண்ணுத ஆளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க?"

தம்பானூர்க் கதை அதற்குள் அவன் காதுக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவன் காரின் முன்பலகையில் இருந்த சின்னப் பச்சைக் கட்டத்தைக் காட்டினான். வண்டி தானாகவே சராசரி மைலேஜைச் சொல்லும் இடம் அது. பன்னிரண்டு என்று இருந்தது. நோட்டில் கணக்குப் போட்டாலும் அதே பன்னிரண்டுதான். "பாருங்க, வண்டியே சாட்சி சொல்லுது" என்றான். உண்மைதான். அந்தக் கட்டம், இஞ்சின் குடித்த பெட்ரோலை மட்டும்தான் எண்ணும். டேங்கில் இருந்து யாராவது ஒரு லிட்டர் உறிஞ்சியிருந்தால்கூட நோட்டும் கட்டமும் ஒத்துப்போகாது. அவன் யோக்கியன் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. அவன் பஸ் ஏறியதும் நான் கட்டைவிரலால் பட்டனை அமுக்கி அதைப் பூஜ்யம் ஆக்கினேன். என் கணக்கு சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்று. ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் செய்தேன்; செவ்வாய் வண்டியை வாங்கியதும் அவனும் அப்படித்தான் செய்வான்.

என் நம்பர் பதினெட்டு. முதலாளி அதைக் கிளப்பில் சொன்னார். விருந்தினரிடம் சொன்னார். "நம்முடெ அண்ணாச்சி எக்ஸ்பெர்ட்டாணு" என்று ஒரு டாக்டருக்கு என்னை அறிமுகம் செய்தார். அறிமுகம் செய்தார், யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் என்னை யாரும் யாருக்கும் அதுவரை அறிமுகம் செய்ததில்லை. எனக்குத் தலை சுற்றிவிட்டது. காரில் தனியாக இருந்தால் ஏசியை அணைத்து வேர்வையில் ஊறினேன். பத்தொன்பது ஆக்க முடியுமா என்று பார்த்தேன். ஏற்றம், இறக்கம் என்று போட்டிருந்த கட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். அவர்தான் ஒரு நம்பர் போதும் என்றாரே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி நோட்டோடு வந்தார். கிளப் சிநேகிதர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, நீ ஓட்டிச்சா பதினெட்டு. சுயம்பு ஓட்டிச்சா பன்னெண்டு. ஒரே காரு, ஒரே பெட்ரோலு. பாக்கி எவிடெப் போயி?"

மலை. ஒரே சொல். நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்கு முன்னால் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"வண்டி குடிக்கிறது பாதி, அவன் குடிக்கிறது பாதியா இருக்கும் முதலாளி!"

வந்து தங்கிய நம் ஆட்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். இங்கே வந்து நான் முதலில் கற்றது மலையாளம் இல்லை, சிரிக்க வைப்பது. அவர்கள் பாண்டி என்பதற்குள் நானே பாண்டி ஜோக் ஒன்றைச் சொல்லிவிடுவேன். என் வேட்டி, என் உச்சரிப்பு, நான் வைக்கிற குழம்பு எல்லாவற்றையும் நானே முதலில் கேலி செய்துவிட்டால் அவர்களுக்குக் கேலி செய்ய மிச்சம் இருக்காது. சிரிக்க வைக்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. பதினெட்டு வருஷம் அதில்தான் பிழைத்தேன். அன்றைக்கு என்னைக் கேலி செய்துகொள்ள விஷயம் இல்லை; பக்கத்தில் இருந்தவனை எடுத்துக்கொண்டேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். என் தோளில் தட்டினார். சிரிப்பு அடங்கியதும் மலையைச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் அரை மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்ததை நான் இருந்த இடத்தில் இருந்து பார்க்க முடிந்தது. நான் காரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

மறுநாள் காலை, நான் வீட்டு அம்மாவைக் கோட்டயத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தபோது, சுயம்பு போன் செய்தான்.

"அண்ணாச்சி, முதலாளி என்னையப் போகச் சொல்லிட்டாரு. பெட்ரோல் எடுத்தேன்னு சொல்லுதாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"வாரேன்ல. சாயங்காலம் வந்து பேசுதேன்."

ஊரில் ஒரு டிரைவர் மேல் இப்படிப் பழி விழுந்தால் முதலாளி தெருவில் நின்று கத்துவார். பத்துப் பேர் கூடுவார்கள். அதில் இரண்டு பேராவது டிரைவர் பக்கம் பேசுவார்கள். அடிதடி ஆகும், சமாதானம் ஆகும், சில சமயம் மறுநாள் அதே வண்டியை அவனே எடுப்பான். இங்கே யாரும் கத்துவதில்லை. மெதுவாக, சிரித்த முகத்தோடு, "நாளெ முதல் வரண்டா", நாளையில் இருந்து வர வேண்டாம், என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. நான் ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது பின்னறை காலி. பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரில் பிள்ளை சாக்பீஸால் எழுதிய மலையாள எழுத்துகள் வரிசையாக இருந்தன. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது.

அன்றைக்கும் முதலாளியிடம் நான் பேசவில்லை. ஆள்தான் போய்விட்டானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது பேசினால் நேற்று ஏன் பேசவில்லை என்று கேட்பாரே. அதுதான் காரணம், வேறில்லை.

அதற்குப் பிறகு ஏழு நாளும் கார் என்னிடம். சனிக்கிழமை ஏற்றமும் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை இறக்கமும் என்னுடையது. ஏசியை அணைத்தும், மூச்சைப் பிடித்தும் பார்த்தேன். நம்பர் பதினைந்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பதினெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் சரி நடுவில். மூன்றாவது வாரம் முதலாளி நோட்டைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"எந்தா அண்ணாச்சி, நீயும் தொடங்கியோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை. ஜோக் ஒன்றும் வாயில் வரவில்லை. "முதலாளி, மலை!" என்றேன். கையைச் சரிவாகப் பிடித்துக் காட்டினேன். ஏறும்போது இத்தனை குடிக்கும், இறங்கும்போது குடிக்காது, முன்னால் ஏற்றம் அவனுக்கு, இறக்கம் எனக்கு, இப்போது இரண்டும் எனக்கு. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது செரியாணல்லோ" என்றார். "எனிக்கு அது தோணியில்ல."

அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் நம்பிவிட்டார்.

"அப்போ சுயம்பு, முதலாளி..." என்று இழுத்தேன். "அவன் எடுக்கல. திரும்பக் கூப்பிடலாமா?"

"அவன் போயில்லே? இனி எந்தினா அதெல்லாம். வேணுமெங்கில் வேற ஒரு அண்ணாச்சியெ கொண்டு வா." பிறகு நோட்டை மூடிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல, "பதினஞ்சு. மோசமில்ல. கிளப்ல பறயாம்."

சுயம்புவைத் தேடிச் சாலைக்குப் போனேன். சாலை என்பது கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கடைத்தெரு. பலசரக்கு மொத்தக்கடைகளில் பாதி நம் ஆட்களுடையது. அங்கே பத்து நிமிஷம் நடந்தால் திருநெல்வேலிக்குப் போய்வந்த மாதிரி இருக்கும், பதினோராவது நிமிஷம் யாராவது மலையாளத்தில் விலகச் சொல்லும் வரை. ஒரு வெங்காய மண்டி முன்னால் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் அவன் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மனைவியையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிட்டதாக மண்டிக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிள்ளையை அங்கே தமிழில் மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

"சுயம்பு, முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல. மலைதான் காரணம்னு ஒத்துக்கிட்டாரு. நீ எடுக்கலன்னு இப்ப அவருக்குத் தெரியும்."

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எப்ப சொன்னிய?"

"போன வாரம்."

"நான் போயி ஒரு மாசம் ஆவப்போவுது. போன வாரம் எதுக்குச் சொன்னிய?"

சரியாகவே இருந்த மூட்டை ஒன்றை நான் நகர்த்தி வைத்தேன்.

"ஒங்க நம்பர் கொறஞ்சிட்டோ?"

வண்டி ஆடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் போன் செய்த பிறகு அவன் அறையைக் காலி செய்து போகும்போது, முதலாளி என் ஜோக்கையும் அவனிடம் சொல்லியிருந்தார் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் வாய் திறந்தது. அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், மண்டிக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"பாண்டி கள்ளன்னு அவங்க இத்தன வருசமா வாயாலதான் சொன்னாங்க அண்ணாச்சி. நோட்டுல எழுதிக் குடுத்தது நீங்கதான்."